பின்சீட்டில் எண்பத்து நாலு கிலோ

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கும் பொள்ளாச்சி போய்ச் சேரவில்லை. கிணத்துக்கடவு தாண்டியதும் பின்சீட்டிலிருந்து இவர் என் தோளைத் தட்டினார். வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கி, இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார். முகம் சுண்டிப் போயிருந்தது.

"ஒண்ணுமில்ல அம்மிணி. அந்த மேட்டுல கொஞ்சம் தூக்கிப் போட்டிருச்சு. அஞ்சு நிமிசம் நின்னாச் சரியாப் போகும்."

அஞ்சு நிமிசம் அரை மணி ஆயிற்று. திரும்பி வந்துவிட்டோம். வால்பாறை போகலாம் என்று ரெண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், மலையடிவாரத்தைக்கூடத் தொட முடியவில்லை.

எனக்கு ஆத்திரம் அந்த மேட்டின் மேல் இல்லை. என் கொழுந்தன் சென்னியப்பன் மேல். ஏழு வருசத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டிலிருந்து அண்ணனைப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தவன், கண்மண் தெரியாமல் ஓட்டி ரோட்டோர மணல் குவியலில் ஏற்றினான். அவனுக்குத் தோள்பட்டையில் சிராய்ப்பு. இவருக்கு இடுப்பில் பிளேட். பதினெட்டு வருசம் பஸ் ஓட்டிய மனுசன் கிளட்ச் மிதிக்க முடியாமல், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக விசில் ஊதிக்கொண்டு நிற்கிறார். அன்றிலிருந்து ஸ்கூட்டியின் ஹேண்டில்பாரைக்கூடத் தொடுவதில்லை. குடியையும் விட்டுவிட்டார், அது ஒன்றுதான் லாபம். அவருக்குப் பதிலாக நான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது இந்த வீட்டில் டிரைவர் நான்தான்.

கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த, குலுக்கலைத் தாங்குகிற பின் ஷாக் அப்சார்பர் ஒண்டி ஆளுக்குத்தான் லாயக்கு. அதைக் கழற்றிக் கடாசிவிட்டு வேறு நல்லதாகப் போடப் போகிறேன். முடிவு பண்ணியாயிற்று.

ஜூலை 9, புதன்

வேலை முடிந்து நேராகக் கணபதிக்குப் போனேன். அஷ்ரப் என்பவர் ஷாக் அப்சார்பர் வேலை மட்டுமே செய்கிறார். கடை முழுக்க ஸ்பிரிங்குகள் தொங்குகின்றன. ஆளுக்கு வாய் ஜாஸ்தி.

"ஷாக்கு அப்புறம் பாக்கலாம் மேடம். மொதல்ல எடை சொல்லுங்க. ஸ்பிரிங்கு எடைய வச்சுத்தான் போடோணும். லேடீஸ் சொன்னா நான் அஞ்சு கிலோ சேத்துக்குவேன்."

"நான் பம்ப் கம்பெனில தரச் சோதனைல இருக்கறேன். தராசுல நின்னு பாத்துட்டுத்தான் வந்திருக்கறேன். அறுபத்தாறு. ஒரு கிலோ சேத்தீங்கன்னாலும் ஷாக்கத் திருப்பிக் கொண்டாந்து உங்க மேசைல வச்சிருவேன்."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பின்னால் உட்காருகிறவரின் எடையைக் கேட்டார். இவருக்குப் போன் போட்டேன். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் ரெண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. அப்புறம், "எப்பவும் போலதான். எண்பத்து நாலு" என்றார்.

அஷ்ரப் மூன்று ரகம் காட்டினார். ஒன்றில் திருகி மாற்ற எதுவுமே கிடையாது, போட்டால் போட்டதுதான். ஒன்று ரேசுக்குப் போகிறவர்களுக்கு. நடுவில் இருந்ததை எடுத்தேன். அதில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதற்கு ஒரு வளையம் இருக்கிறது. அமுங்கின ஸ்பிரிங் எவ்வளவு மெதுவாக எழ வேண்டும் என்பதற்கு அடியில் ஒரு திருகு. இவரைத் தூக்கிப் போடுவது அந்த எழும்பல்தானாம். எங்கள் ரெண்டு பேர் எடைக்கான ஸ்பிரிங் பூனாவிலிருந்து வர வேண்டும்.

ராத்திரி இவருக்கு இன்றைக்கும் சோறு வேண்டாமாம். ரெண்டு ராகி தோசை போதுமாம். விசில் ஊதுகிற வேலையில் தொப்பை போட்டுவிட்டதாம். நல்லதுதான், எனக்கும் சோறு வடிக்கிற வேலை மிச்சம்.

ஜூலை 13, ஞாயிறு

இவர் பென்ஷன் வாங்குகிற தாத்தா கணக்காக விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறார் என்று பக்கத்து வீட்டில் கேலி செய்கிறார்கள். நான் துணி துவைத்தேன். இவர் உட்கார்ந்து பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். தோல் பெல்ட் வெயிலில் நீண்டுவிட்டதாம்.

ஜூலை 20, ஞாயிறு

இவர் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. எடுத்தேன்.

"மாமா, இன்னைக்கு வர்றீங்களா" என்றது ஒரு பெண் குரல்.

"யாரு?"

"அக்கா, நான் கோகிலா பேசறனுங்க."

சென்னியப்பன் பெண்டாட்டி. அவர்கள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, இவரையும் விடவில்லை. பத்திரிகையை வாசலிலேயே கிழித்துக் கொடுத்து அனுப்பியவள் நான். போனை வைத்துவிட்டேன். இவர் துண்டோடு வந்ததும் கேட்டேன். ராங் நம்பராக இருக்கும் என்றார். நான் பேரைச் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

ஷாக் வந்துவிட்டது. அஷ்ரப் கடையிலேயே மாட்டினோம். பழையதைக் கழற்றிக் கையில் கொடுத்தார், அமுக்கினால் எழவே இல்லை. புதியதைத் தடவித் தடவிப் பார்த்தேன். நகைக்கடையில்கூட நான் அப்படி நின்றதில்லை.

அளவு மட்டும் வீட்டில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

சக்கரைப் பொங்கல் வைத்து இறக்கிவிட்டு அளவு பார்க்க உட்கார்ந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். ரொம்பத் தாழ்ந்தால் மேட்டில் அடி வாங்கும். தாழாமல் விறைத்துக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவரைத் தூக்கி எறியும். முன்சக்கரத்தைக் கேட்டில் முட்டுக் கொடுத்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, செல்போனை வீடியோவில் வைத்துவிட்டேன். மூன்றாவது ஆள் தேவையில்லை.

நான் மட்டும் உட்கார்ந்தால் இருபத்திரண்டு மில்லிமீட்டர். அஷ்ரப் எழுதிக் கொடுத்த கணக்குக்கு அச்சு அசல். எனக்கு ஒரே பூரிப்பு.

இவரைக் கூப்பிட்டால் வரவில்லை. பொங்கல் ஆறட்டும், காக்காய்க்கு வைக்கோணும், வெயில் தாழட்டும் என்று சாக்கு. கடைசியில் மொத்தமான ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆடி வெயிலில் எதற்கு ரெயின்கோட் என்றால், வண்டியில் போகும்போது போடுவேனல்லவா, அதோடு அளக்க வேண்டாமா என்கிறார். அதுவும் நியாயம்தான்.

ரெண்டு பேரும் உட்கார்ந்தால் அறுபத்தெட்டு வர வேண்டும். அறுபதுதான் வந்தது. இறங்கி ஏறச் சொன்னேன். அறுபது. வண்டியைக் குலுக்கிவிட்டு ஏறச் சொன்னேன். அறுபது. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் எங்கள் கம்பெனியில் வந்தால் மோட்டாரையே குப்பையில் போடுவோம். தப்பான ஸ்பிரிங்கைத் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன்.

இவர் பொங்கல் தொடவில்லை. இனிப்பு இப்போது ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மதிய இடைவேளையில் அஷ்ரப்பைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"மேடம், ஸ்பிரிங்கு தப்பா இருந்தா ஒண்டியா உக்காரும்போதும் தப்பாத்தான் காட்டோணும். உங்களுக்குச் சரியாக் காட்டி உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தப்பாக் காட்டறதுக்கு அதுக்கென்ன அவர் மேல கோவமா? ஆள் எடைதான் தப்பு. சாருக்கு அவ்வளவு எடை இருக்காது."

"எங்கூட்டுக்காரர் எடை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சாச் சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

லீவு போட்டேன். இவர் டியூட்டிக்குப் போனதும் மளிகைக் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் மூன்று இறக்கச் சொன்னேன். மூன்றையும் பின்சீட்டில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். கடைக்காரர், "அரிசியக் கூட்டிட்டு டூர் போறீங்களாக்கா?" என்றார். அவரை விரட்டிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அறுபத்து மூன்று.

இவர் உட்கார்ந்தபோது அறுபது. ரெயின்கோட்டோடு.

கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். மறுபடி அறுபத்து மூன்று. ஸ்கேலை மாற்றினேன். அதே. என் புருசன் மூன்று சிப்பம் அரிசியைவிட லேசாக இருக்கிறார். கணக்குப் போட்டால் எழுபது கிலோகூட நிறையவில்லை. பதினாலு கிலோ எங்கே போயிற்று? கேட்டுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தார். சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். கழுத்தெலும்பு தூக்கிக்கொண்டிருக்கிறது. விலா தெரிகிறது. இந்த உடம்போடுதான் தினமும் என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறார். நூலளவு தேய்ந்த மோட்டார் பேரிங்கைக் கண்டுபிடிக்கிறவள் நான், எனக்கு இது தெரியவில்லை. ஸ்கேல் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்காமல் தோசைக் கல்லை அடுப்பில் வைத்தேன். சர்க்கரையா, வேறு ஏதாவது பெரிய வியாதியா என்று புத்தி எங்கெங்கோ போகிறது. எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கோகிலா, "இன்னைக்கு வர்றீங்களா" என்று கேட்டாளே. சீ, என்ன நினைப்பு எனக்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

மருந்துக்கடை வாசலில் எடை மெஷின் இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அதில் ஏறாமல் நின்றார்.

"ஏறோண்டாம். அறுபத்தொன்பது. நேத்துத்தான் ஆஸ்பத்திரில பாத்தாங்க" என்றார்.

ஆஸ்பத்திரி எதற்கு என்றேன். பக்கத்துப் பேக்கரியில் உட்கார வைத்து டீ வாங்கி என் முன்னால் வைத்தார். அவருக்கு வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல வசு. பயந்துக்காத. நல்லா இருக்கறேன். சென்னிக்குத்தான் ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ஒரு வருசமா டயாலிசிஸ். என்னுது பொருந்துதுன்னு சொல்லீட்டாங்க. எடை மட்டும் கொறைச்சுட்டு வாங்கன்னாங்க. கொறைச்சுட்டேன்."

டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனி உன் சம்மதம் ஓணும். பொண்டாட்டி கையெழுத்து இல்லாம, உறுப்பு குடுக்க அனுமதி தர்ற குழு ஒத்துக்காதாம். எப்படிக் கேக்கறதுன்னுதான் நாலு மாசமா..."

"உங்க இடுப்ப ஒடைச்சவனுக்கா?"

இவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

எழுந்து நடந்தேன். வீடு வரை திரும்பிப் பார்க்கவில்லை. இவர் காலை இழுத்து இழுத்துப் பின்னால் வருகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பட்டினி கிடந்து, பொய் சொல்லி, ரெயின்கோட் போட்டு ஏமாற்றி, இத்தனையும் யாருக்காக? இவர் இடுப்புக்காக நான் கடை கடையாய் அலைந்துகொண்டிருக்கும்போது இவர் அவனுக்காக எலும்பாகிக்கொண்டிருந்திருக்கிறார்.

அஷ்ரப் போன் செய்தார். சரியான எடை தெரிந்ததா, ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வண்டியை எடுக்கிற எண்ணமே இல்லை என்றேன். "ஐயோ, நான் அன்னைக்கு வெளையாட்டாப் பேசிட்டனுங்க மேடம்" என்றார் பாவம். அவர் என்ன செய்வார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட்டால் தேவலை.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று சூலூருக்குப் போனேன். ஏழு வருசமாக மிதிக்காத வாசல். சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கால் வீங்கி, கையில் ஊசி போட்ட இடமெல்லாம் புடைத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். கோகிலா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை.

"வாங்கண்ணி. நான் கேக்கலீங்க. சத்தியமா நான் கேக்கல. அண்ணனே டாக்டர்ட்டப் போயி நின்னுட்டாங்க. நீங்க கையெழுத்துப் போடாதீங்க. எனக்கு விதிச்சது இதுன்னு போகட்டும்."

நான் போடுவதற்கு வந்ததாக நினைத்துவிட்டானாக்கும் என்று எனக்கு இன்னும் ஏறிவிட்டது.

"ஒரு மனுசன நொண்டியாக்குனது பத்தாதுன்னு இப்ப வயித்தக் கிழிச்சு எடுத்துக்கலாம்னு பாக்கறயா? உன் கண்ணு அவிஞ்சு ஓட்டுனதுக்கு இன்னும் எத்தன கூலி குடுக்கோணும் நாங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் காரியத்திலும் இப்படித்தான் குனிந்தான். அன்று பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனை எல்லார் முன்னாலும் நான்தான் எழுப்பிவிட்டேன்.

கோகிலாதான் பேசினாள். சத்தம் போடவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"அக்கா, வண்டி ஓட்டுனது இவுரு இல்லீங்க. மாமாதானுங்க."

"கோகிலா, உள்ள போ" என்றான் சென்னியப்பன்.

"போக மாட்டேன். நீங்க செத்ததுக்கப்புறம் சொல்லி என்ன ஆவுது? அக்கா, மாமா கல்யாணத்துல குடிச்சிருந்தாங்க. சாவி குடுங்கன்னு இவுரு கேட்டும் குடுக்கல. போலீசு வந்தப்ப இவுருதான் நான் ஓட்டுனேன்னு சொன்னாங்க. இவுரு குடிக்கறதில்ல, ஊதச் சொன்னா ஒண்ணும் வராது. மாமா பேரு வந்திருந்தா லைசென்ஸு போயி பஸ்ஸு வேல போயிருக்குமுங்க."

சென்னியப்பனைப் பார்த்தேன். இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தேன்.

"பழசுங்கண்ணி. விடுங்க. எனக்கு டெம்போ லைசென்ஸு ஆறு மாசம் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். அண்ணனுக்கு இடுப்பு போகும்னு அப்பத் தெரியாது" என்றார்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வண்டியைக் கிளப்பத் தெரியாமல் சாவியை ஹெல்மெட்டில் குத்திக்கொண்டிருந்தேன். சூலூர் பிரிவு வரைக்கும் எந்த கியரில் வந்தேனோ.

இவர் வாசலிலேயே நின்றிருந்தார். அதற்குள் அங்கிருந்து போன் வந்துவிட்டது போலிருக்கிறது. அவரே சொன்னார்.

"மொதல்ல லைசென்ஸுக்காகத்தான் மறைச்சேன். அப்புறம் நீ ஆஸ்பத்திரில என் பக்கத்துல உக்காந்து அவனத் திட்டிட்டே அழுதயா, அப்பச் சொல்ல முடியல. அப்புறம் சொல்றதுக்குத் தகுந்த நாளே வரல வசு."

ஆகஸ்ட் 15, வெள்ளி

தூங்கவில்லை. பக்கத்து அறையில் இவரும் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எனக்குத் திரும்பத் திரும்ப அந்தப் பந்திதான் கண்ணில் நிற்கிறது. நான் எழுந்திரு என்று சொன்னதும் கொழுந்தனார் சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து போனார். அடுத்த இலையில் இவர் உட்கார்ந்திருந்தார். பெற்ற தாயின் காரியம். ரசம் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். நான் பரிமாறினேன்.

பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. அந்த ரசச் சோற்றை மன்னிக்க முடியவில்லை.

அவரை வைகிறேனே, நான் மட்டும் யோக்கியமா? ஏழு வருசத்தில் ஒரு தரமாவது சென்னியப்பனிடம் என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பத்து நாளைக்குப் பிறகு இவரிடம் பேசினேன்.

"கையெழுத்துப் போடறேன். உங்களுக்காக இல்ல. கொழுந்தனாருக்காக."

தலையாட்டினார்.

"சொந்தபந்தம் முச்சூடும் அவரத்தான் பழி சொல்லுது. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"சொல்றேன்."

"எப்ப?"

துண்டை எடுத்து உதறி மடித்தார். சொன்னால்தான் கையெழுத்து என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு உயிரைப் பிணையாக வைத்துப் பேரம் பேச நான் யார்? அவராகச் சொன்னால்தான் அது சொன்னது.

செப்டம்பர் 9, செவ்வாய்

குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தோம். எதிரில் நாலு பேர், ஒரு கேமரா. என்னிடம் ஓர் அம்மா கேட்டார்கள்.

"நோயாளி உங்களுக்கு என்ன வேணும்?"

"கொழுந்தனாருங்க."

"ரெண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து உண்டா?"

"ஏழு வருசமா இல்லீங்க."

நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அப்புறம் எதுக்குச் சம்மதிக்கறீங்க? யாராச்சும் வற்புறுத்தறாங்களா?"

"இல்லீங்க. ஏழு வருசமும் தப்பு எங்க பக்கம்."

இவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னவோ எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

ரெண்டு பேரையும் அடுத்தடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நானும் கோகிலாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கை சில்லென்று இருந்தது, பிடித்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வந்து, தம்பிக்குள் போன கிட்னி ஆபரேஷன் மேசையிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்றார். கோகிலா என் மடியில் விழுந்து அழுதாள். நானும்தான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வீடு கொள்ளாத ஒரம்பரை, சொந்தக்காரர்கள். எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இவர் காலைத் தொடாத குறை. தன்னை நொண்டியாக்கியவனுக்கே உறுப்பைக் கொடுத்த புண்ணியவானாம். இந்தக் காலத்தில் இப்படி ஓர் அண்ணனா என்று இவருடைய அத்தை தெய்வாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் புண்ணியவான் போலவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

கொடுத்ததால் பொய் குறையவில்லை, இன்னும் வளர்ந்துவிட்டது. நான் சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

வண்டி நாலு மாசமாக மூடிக் கிடந்தது. துடைத்தேன். அஷ்ரப்பிடம் உண்மையான எடையைச் சொன்னேன். எழுபது கிலோவுக்கு இந்த ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்புத்தான், ஆனாலும் வளையத்தை ரெண்டு சுற்றுத் தளர்த்தினால் ஓடும் என்றார். கொக்கி ஸ்பேனரை வைத்துத் தளர்த்தினேன்.

இவர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"நான் முன்னாடி, நீ பின்னாடின்னா எத்தன சுத்து?"

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஏழு வருசமாகத் தொடாத மனுசன். எதற்கு என்றேன்.

"சும்மாதான் கேட்டேன்" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

இவர் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடுப்பால் முடியும் என்று எலும்பு டாக்டரும் ரெண்டு வருசத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அதையும் இவர் என்னிடம் சொல்லவில்லை. முடியாமல் இருந்தது இடுப்பு இல்லை, மனசு.

அஷ்ரப் கடைக்கு ரெண்டு பேரும் போனோம். இவர் முன்னால் ஏறினார். நான் பின்னால். அஷ்ரப்பே குனிந்து அளந்தார். வளையத்தை அரைச் சுற்று ஏற்றினார். எழும்பலுக்கான திருகை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி, சீட்டை அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்தார். "ஓட்டறவரு மாறினா அளவெல்லாம் புதுசாத்தான் எடுக்கோணும் மேடம்" என்றார். காலி ரோட்டில் ரெண்டு நடை ஓட்டினார் இவர். வேகத்தடையில் எனக்கு உயிர் போய் வந்தது, ஆனால் இவர் இடுப்புக்கு ஒன்றும் தெரியவில்லையாம். ஷாக் நல்ல ஷாக்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் முடிந்த ஞாயிறு. கொழுந்தனாரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் சூலூரில் கூடுகிறார்கள் என்று இவர் காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தார். நான் ஓட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று சாவியை எடுத்துக்கொண்டார். வழி முழுக்க மெதுவாகவே ஓட்டினார். முதுகு நனைந்திருந்தது.

வாசலில் பந்தல் போட்டுப் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனார் மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி ஒரு நாற்காலியில் இருந்தார். முகத்தில் ரத்தம் ஏறி, பழைய சென்னியப்பன் மாதிரி இருந்தார். இவர் வண்டியை நேராகப் பந்தலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

தெய்வாத்தா அத்தை பதறி எழுந்தார். "ஏங்கண்ணு, நீ எதுக்கு வண்டியத் தொடறே? உன்னத் தள்ளிவிட்டு இவன் பண்ணி வச்ச கூத்து போதாதா? புண்ணியம் பண்ணுன ஒடம்பு, பாத்து வச்சுக்கோணுமல்லோ." சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கொழுந்தனார் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

இவர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அத்தை, அன்னைக்கும் நான்தான் ஓட்டுனேன். குடிச்சிருந்தேன். சென்னி பின்னாடி உக்காந்திருந்தான்."

எனக்கு இவர் இதை இங்கே, இப்படிச் சொல்வார் என்று தெரியாது. இன்றைக்குச் சொல்லப் போகிறேன் என்று ஒரு வார்த்தைகூட என்னிடம் சொல்லவில்லை. பின்சீட்டில் இறங்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்குண்ணா இப்ப" என்றார் கொழுந்தனார், மாஸ்க்குக்குள்ளிருந்து.

தெய்வாத்தா அத்தை ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா சொன்னே?" என்றார்.

இவர் முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னார், கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.